நாயக்

கானாடுகாத்தானுக்கு வெளியே
செம்பொறை வெட்டிப் பரப்பிய ஓடுபாதை.
அதன் கிழக்கு முனையில் நான், ஒரு துப்பாக்கி,
பெட்ரோல் பீப்பாய் நூற்றிருபது.
விமானம் வராத நாளில் ஆடு வரும்.
ஆடும் வராத ஒரு நடுப்பகலில்
அது வந்தது.

ஒரு காது பாதிதான். மீதியை யார் தின்றார்களோ.
முதுகில் தார் ஒட்டி மயிர் கம்பியாய் நின்றது.
பீப்பாய் நிழலில் படுத்து
காவலை என்னிடம் விட்டுவிட்டுத் தூங்கிற்று.

ஆரணிக்காரனுக்குக் கோதுமை மாவை அளந்து தந்தால்
அவன் சுடும் ரொட்டியை யார் தின்பது?
நான் கொஞ்சம், அது மிச்சம்.
நான்காம் நாள் பெயர் கேட்டான் அப்பாராவ்.
நாய் என்பதில் இருந்த புள்ளியை நகர்த்தி
ஒரு ககரத்தின் தலையில் வைத்தேன்.
நாயக்.
சிப்பாய் எனக்கு மேலதிகாரி.
காலையில் நான்தான் முதலில் சல்யூட் வைப்பேன்.

மாசியில் ஒரு சாயங்காலம்
இறங்கிக்கொண்டிருந்த விமானத்தின் குறுக்கே
நரியோ நாயோ ஓடிற்று. சக்கரம் ஒடிந்தது.
மறுநாள் ஹவில்தார் தாவீது
ஐந்து தோட்டா எண்ணிக் கையில் வைத்தார்.
"வேலிக்குள்ள ஒரு நாய் இருக்கப்படாது.
காலி ஓடு அஞ்சும் பொழுதுசாய வந்து சேரணும்."

ஐந்து தடவையும் சுட்டேன்,
வற்றிய ஊருணிக் கரையின் மண்ணை.
முதல் வெடிக்கு அது ஓடவில்லை.
இரண்டாவதற்கு என் கால்களுக்கு இடையில் வந்து நின்றது.
சுடுகிறவன் பக்கந்தான் பத்திரம் என்று
எந்தப் பட்டாளத்தில் படித்ததோ.

ஓடுகளைத் துடைத்துக் கொடுத்தேன்.
பேரேட்டில் ஏறிற்று: நாய், ஐந்து.
ஹவில்தார் என் பூட்ஸைப் பார்த்தார்.
அதில் ஒட்டியிருந்த பழுப்பு மயிரைப் பார்த்தார்.
"நல்ல குறி" என்றார்.
அவ்வளவுதான்.

அன்றிலிருந்து நாயக் பகலெல்லாம் செத்திருக்கும்,
கல் சுமக்கும் அடைக்காயியின் குடிசையில்
கவிழ்த்த கூடைகளுக்குப் பின்னால்.
இரவில் எழுந்து வரும்.
ஓடுபாதை நெடுக மண்ணெண்ணெய் விளக்குகளை
ஒவ்வொன்றாய் நான் ஏற்றிப்போக, கூடவே நடக்கும்.
கடைசி விளக்கைத் தாண்டினால் எனக்குப் பயம்.
யாரிடமும் சொன்னதில்லை.
அந்த இடத்தில் மட்டும் அது முன்னால் போகும்.

ஆனியில் உத்தரவு. மணிப்பூர்.
லாரி ஊருக்குள் புகுந்து போயிற்று.
தெருவுக்குத் தெரு பூட்டிய வீடுகள்.
திறந்திருந்த ஒன்றின் உள்ளே, வரிசையாய், தேக்குத் தூண்கள்.
பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தவை.
அந்தத் திசைக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம்
மரம் மாதிரி எங்களையும் அடுக்கி.

நாயக்கைக் கட்டிவைக்கக் கயிறு கொடுத்திருந்தேன்.
அடைக்காயி வாங்கவில்லை.
"கட்டுனா குலைக்கும். குலைச்சா
உசுரோட இருக்குறது தெரிஞ்சுபோகும்."

பின்னால் ஓடி வந்துவிடுமோ என்று
பள்ளத்தூர் வரை திரும்பிப் பார்த்தேன்.
வரவில்லையே என்று
அதற்கப்புறம்.

மலையில் மழை.
என் இடதுகாலில் இரண்டு விரல் போயிற்று.
அப்பாராவ் போனான்.
கார்த்திகையில் ஒரு கார்டு வந்தது,
அடைக்காயி சொல்ல யாரோ எழுதியது.
நடுவில் ஒரு வரியைத் தணிக்கைக்காரன்
கறுப்பு மையால் அடித்திருந்தான்.
"நாய் சுகம். இப்ப பாராவுக்கு ஒரு சிங்கு இருக்காரு.
வேற பேரு சொல்லிக் கூப்பிடுறாரு, போகுது.
ரொட்டி அவரு நல்லாச் சுடுறாரு."

இரண்டு நாள் கோபமாக இருந்தேன்.
அந்தப் பதுங்குகுழியில்
ஒரு நாயின் மேல் கோபப்பட முடிந்ததே
பெரிய சொத்து.
மூன்றாம் நாள் தோன்றிற்று,
பாரா மாற்றுவது சிப்பாய்க்கு வழக்கமென்றால்
நாயக்குக்கு மட்டும் என்ன.

மழை விட்டதும்
அடித்த வரியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.
ஓர் எழுத்து தெரிந்தது, தலையில் புள்ளியோடு.
ய் மாதிரியும் இருந்தது.
க் மாதிரியும்.